நாற்பத்தெட்டு யன்னல்

ஸ்டேசன் மாஸ்டரின் அறை யன்னல் ஒன்று வெளுத்துப் போயிருந்தது.

தீப்பெட்டியளவு யன்னல். இளையதம்பி மூக்குக்கண்ணாடியைச் சாரத்து நுனியில் துடைத்துப் போட்டுக்கொண்டு மேசையின்மேல் குனிந்தார். அவர் கையால் செய்த அந்த மாதிரி ஸ்டேசனுக்கு முன்பக்கம் நான்கு யன்னல்கள். மூன்றுக்குள்ளால் பார்த்தால் ஈர்க்கில் செய்த கதிரையும் மேசையும் பளிச்சென்று தெரிந்தன. நாலாவது மட்டும், உள்ளே யாரோ முகத்தை ஒட்ட வைத்து மூச்சு விட்டதுபோல, மங்கிக் கிடந்தது. விரலால் துடைத்தார். எச்சில் தொட்டுத் துடைத்தார். மங்கல் உட்பக்கத்தில் இருந்தது. மழைக்காலத்து ஈரம் என்று தனக்குள் சொல்லிக்கொண்டு, அதைப் பார்க்காமல் இருப்பதற்காகவே, சரக்கு வண்டியொன்றின் சில்லுக்கு எண்ணெய் விடப் போனார்.

எண்பதாம் ஆண்டு மார்கழி. மூன்று நாளாக விடாத மழை. மனைவி இராசமலர் மகளின் பிள்ளைப்பேற்றுக்காகத் துணுக்காய்க்குப் போயிருந்தாள். ஸ்கந்தபுரத்து வயல்களுக்கு நடுவில், ஓடு போட்ட அந்தக் கல்வீட்டில், அவரும் அவருடைய ரயிலும்தான். முப்பது வருடம் ரயிலில் பச்சைக்கொடி காட்டும் கார்ட்டாக இருந்து ஓய்வு பெற்ற மனிதர், குடியேற்றத் திட்டத்தில் கிடைத்த வயலைப் பார்த்துக்கொண்டு பேசாமல் இருந்திருக்கலாம். இருக்க முடியவில்லை. பால்மாத் தகரப் பேணியை வெட்டிக் கூரை, தேயிலைப் பெட்டிப் பலகையில் சுவர், போத்தல் மூடியில் சில்லு என்று முன்னறை முழுக்க ஒரு பாதையையே போட்டுவிட்டார். எதையும் எறிவதில்லை என்பது அவருடைய பெருமை. அலுத்துப்போன பெட்டியைப் பிரித்தால் அதன் கூரை சரக்குக் கொட்டகைக்குப் போகும், கதவு சிக்னல் அறைக்குப் போகும், யன்னல் வேறெங்காவது ஏறும். ஞாயிற்றுக்கிழமைகளில் ஊரே வந்து பார்த்துவிட்டு, கார்ட் ஐயாவின் கைக்குத் தங்கக் காப்புப் போடலாம் என்று சொல்லிவிட்டுப் போகும்.

யன்னல்களுக்குக் கண்ணாடி போட்டால் பாரம். அதற்கு அவர் கண்டுபிடித்தது எக்ஸ்ரே படம். ஆஸ்பத்திரியில் வேலை பார்த்த பொன்னையா, வேண்டாமென்று கழித்த படங்களைக் கட்டுக் கட்டாகக் கொண்டுவந்து கொடுப்பார். கோஸ்டிக் சோடாவில் ஊறவைத்துத் தேய்த்தால் எலும்பும் இருட்டும் கறுப்புச் சளியாக வழிந்து போய், இலேசான நீலத்தில் சுத்தமான தாள் ஒன்று மிஞ்சும். அதை வெட்டி ஒட்டினால் யன்னல்.

அன்று பின்னேரம் மூன்று மணிக்கு அழகம்மா வந்தாள்.

தலையில் சாக்கை மடித்துப் போட்டிருந்தாள். அந்தச் சாக்குக்குள்ளேயே அவளுடைய ஏழு வயது மகள் மீனம்மாவும் ஒட்டிக்கொண்டு நின்றாள். எழுபத்தேழுக் கலவரத்துக்குப் பிறகு மலைநாட்டிலிருந்து வந்து, வாய்க்கால் கரையில் கொட்டில் போட்டு, இளையதம்பியின் வயலில் கூலிக்கு நின்ற மாயாண்டியின் மனைவி இவள். மாயாண்டி செத்து இரண்டு வருடம். எத்தனை மழை பெய்தாலும் அவள் படியேற மாட்டாள். ஏறு என்று அவரும் ஒரு நாள் சொன்னதில்லை.

“ஐயா, எனக்கும் நெஞ்சு வலிங்க. நாளைக்கு மொத பஸ்ல ஆஸ்பத்திரிக்குப் போறேன். அவரு எடுத்த படம் இருந்தா கொண்டாரச் சொன்னாங்க டாக்டரு. கொட்டில்ல எல்லாம் தேடிட்டேன்.” சாக்கின் நுனியை வாயில் பொத்திக்கொண்டு இருமினாள். “ஒருவேளை ஒங்க வூட்டுலதான் வச்சாரோ என்னமோ. ஒரு வாட்டி பாருங்கய்யா.”

“பாக்கிறன்,” என்றார் இளையதம்பி. கதவு நிலையைப் பார்த்துக்கொண்டு சொன்னார்.

“கடைக்குப் போய்ட்டு வெளக்கு வைக்கிற நேரம் வாரேங்க.”

அவள் வரப்பில் இறங்கியதும் அவருக்குக் காது மடல் சுட்டது.

அந்தப் படம் அவரிடம்தான் இருந்தது. மாயாண்டியே கொண்டுவந்து கொடுத்தான். “எங்க கொட்டில் ஒழுகுதுங்க. ஐயா வூடு ஓட்டு வூடு. அடுத்த தேதி வரைக்கும் வச்சிருங்க.” வெயிலில் தூக்கிப் பிடித்து, காறை எலும்பில் இருந்த ஒரு முடிச்சைக் காட்டிச் சிரித்தான். தோட்டத்தில் மரம் விழுந்து முறிந்து பொருந்தின இடமாம். இடப்பக்க நெஞ்சில் வெள்ளையாக ஒரு திட்டு இருந்தது; அதை அவன் காட்டவில்லை. இளையதம்பி படத்தை அலுமாரிக்குமேல் வைத்தார். அந்த வருடம் நான்காம் மாதம் பொன்னையாவுக்கு இடமாற்றம் வந்து, புதுப் படம் கிடைப்பது நின்றது. மூன்றாம் வகுப்புப் பெட்டிகள் இரண்டு யன்னல் இல்லாமல் நின்றன. பள்ளிக்கூடத்து ஆசிரியர்கள் அந்த ஞாயிற்றுக்கிழமை பார்க்க வருவதாகச் சொல்லியிருந்தார்கள். பழைய படம்தானே, வேறொன்று எடுப்பார்கள் என்று நினைத்தார். நினைத்தார் என்பதுகூடப் பொய். நினைக்காமல் இருக்கப் பார்த்தார். சோடாத் தண்ணீரில் மாயாண்டியின் நெஞ்சு கரைந்தது. நாற்பத்தெட்டு யன்னல் சரியாக வந்தது.

மாயாண்டி வந்து கேட்டபோது, “என்ன படம்? நீ எப்ப என்னட்டைத் தந்தனீ?” என்றார். குரலை உயர்த்தி வேறு கேட்டார். “அப்ப நாந்தான் எங்கயோ வச்சிட்டேன் போலங்க,” என்றான். போகிற போக்கில் வாசலில் நின்றபடியே உள்ளே எட்டிப் பார்த்து, “கோச்சி அழகா இருக்குங்கய்யா. கண்ணாடியெல்லாம் மின்னுது,” என்றான். கொட்டிலின் கூரையைப் பாதி பிரித்துத் தேடினானாம். படமில்லாமல் ஆஸ்பத்திரிக்குப் போனவனுக்கு வேறு நாள் குறித்துக் கொடுத்தார்கள். அந்த நாள் வரைக்கும் அவன் இருக்கவில்லை.

இதை இளையதம்பி ஒருவருக்கும் சொன்னதில்லை, இராசமலருக்கும்கூட. சொல்ல வாயெடுத்தால் அவன் ரயிலை மெச்சினதுதான் முதலில் ஞாபகம் வரும். அந்த வெட்கத்தில் பேச்சை மாற்றிவிடுவார்.

நாலரைக்கே வீட்டுக்குள் இருட்டிவிட்டது. அரிக்கன் லாம்பைக் கொளுத்தி மேசையில் வைத்தார். வைத்த கை அப்படியே நின்றது. ஸ்டேசன் யன்னல் மட்டுமல்ல. சிக்னல் அறையில் இரண்டு, சரக்குக் கொட்டகையின் பின்சுவரில் வரிசையாக ஆறு, கேற் காவல்காரனின் குடிலில், கார்ட் பெட்டியில், தண்ணீர்த் தாங்கிக்குப் பக்கத்து அறையில், எல்லாவற்றிலும் அங்கங்கே யன்னல்கள் மங்கிக் கிடந்தன. பக்கத்து யன்னல்கள் தெளிவாக இருந்தன. மழை ஓட்டில் இரைந்தது. நனைந்த வைக்கோல் மணத்தோடு கோஸ்டிக் சோடாவின் காரமும் மூக்கில் ஏறியது. அந்தக் காரத்துக்கு அடியில் வேறொன்றும் இருந்தது, நாட்பட்ட காய்ச்சல்காரன் படுத்த பாயின் புளித்த மணம். மூன்றாம் வகுப்புப் பெட்டிகளைப் போன வருடம் பிரித்து, அந்த யன்னல்களைக் கைக்கு வந்த கட்டிடத்திலெல்லாம் ஒட்டியிருந்தார். இப்போது ஒவ்வொன்றாக எண்ணினார். எண்ணி முடிக்கும் முன்பே தொகை தெரியும். நாற்பத்தெட்டு.

பிரித்து எடுத்து ஒட்டிவிடலாம் என்று தோன்றியது. பைத்தியக்கார யோசனைதான். ஆனால் ஒட்டிக் கொடுத்தால், எலி கடித்துப் போட்டது என்று ஏதாவது சொல்லிச் சமாளிக்கலாம். உண்மையைச் சொல்வதைவிட நாற்பத்தெட்டுத் துண்டை ஒட்டுவது அவருக்கு இலேசாகப் பட்டது.

சுவரில் தொங்கிய சாமி படங்கள் இரண்டின் கண்ணாடிகளைக் கழற்றினார். சோற்றுப் பசை எடுத்தார். கத்தி நுனியால் முதல் யன்னலை நிமிண்டினார். உள்ளங்கையில் அது இளஞ்சூடாக இருந்தது. கோழிக்குஞ்சைப் பிடித்ததுபோல. கீழே போட்டார். பிறகு எடுத்து ஒட்டினார்.

துண்டும் துண்டும் விளிம்பில் தொட்ட இடத்தில் கறுப்பு ஊறியது. முதலில் ஒரு கோடு. பிறகு இருட்டு. இருட்டுக்குள் வெள்ளையாக ஒரு விலா, அடுத்த விலா. ஒரு மணி நேரம் தலை நிமிராமல் ஒட்டினார். பயத்தைவிட ஆறுதல்தான் அப்போது பெரிதாக இருந்தது. திரும்பி வந்துவிட்டது, கொடுத்துவிடலாம். கண்ணாடியை நிமிர்த்தி லாம்புக்கு முன்னால், ஸ்டேசன் சுவரில் சாய்த்து வைத்தார். ஒரு முழு நெஞ்சு வெளிச்சத்தில் நின்றது. இரண்டு பக்கமும் வெள்ளைத் திட்டு.

இரண்டு பக்கமுமா?

காறை எலும்பைப் பார்த்தார். முடிச்சு இல்லை. வலப்பக்கம் பார்த்தார். அங்கும் இல்லை. நேரான, மெலிந்த எலும்பு. ஒடுங்கிய தோள். இது மாயாண்டி இல்லை. மாயாண்டியை அவர் கரைத்துவிட்டார். இது ஒரு பெண்ணின் நெஞ்சு.

விலாக்கள் விரிந்தன. மெல்ல ஒடுங்கின. மறுபடி விரிந்தன.

இளையதம்பி கதிரையோடு பின்னுக்குப் போனார். அப்போது சரக்குக் கொட்டகையில், தெளிவாக இருந்த ஒரு யன்னல் அவர் கண் முன்னாலேயே மங்கியது. உள்ளேயிருந்து. மெதுவாக. பிறகு அதற்குப் பக்கத்து யன்னல். சிக்னல் அறையில் ஒன்று. யார் யாருடைய படங்களிலிருந்தோ வெட்டினவை அவை. இருபது மங்கியதும் நின்றது.

ஒட்ட வேண்டாம் என்று மனம் சொன்னது. கை ஒட்டியது. இரண்டாவது கண்ணாடி நிறையவில்லை. நெஞ்சு சின்னது. ஈர்க்கில் போன்ற விலாக்கள். நடுவில் ஒரு திட்டு, ஒரு ரூபாய்க் குற்றியளவு. அதுவும் மூச்சு விட்டது. வேகமாக. பெரியது ஒரு தரம் விட, சின்னது இரண்டு தரம்.

யாருடையது என்று அவருக்குச் சொல்லத் தேவையில்லை. இரண்டு வருடம். ஒரே கொட்டில். மாயாண்டி இருமிக் கிடந்த அதே பாய்.

“ஐயா.”

வாசலில் குரல்.

“கிடைச்சிச்சாங்க?”

கதவைத் திறந்தார். பாதிதான் திறந்தார். கதவுக்குப் பின்னால் உடம்பை மறைத்துக்கொண்டு நின்றார். மழை தூறலாகியிருந்தது. அழகம்மா முற்றத்தில் நின்றாள். பக்கத்தில் மீனம்மா, சாக்குக்கு வெளியே.

நான்தான் வெட்டினனான். சொல்ல வேண்டியது அவ்வளவுதான்.

“இல்லை,” என்றார். “இங்க ஒண்டும் காணேல்லை.”

“சரிங்கய்யா. ஒங்களுக்குச் செரமம்.” அவள் இருமினாள். “புள்ளைய பக்கத்துக் கொட்டில்ல விட்டுட்டு நான் மட்டும் போய்ட்டு வாரேன்.”

பிள்ளையையும் கொண்டு போ. பிள்ளைக்கும் படம் எடு. இதையாவது சொல்லலாம். ஏன் ஐயா என்று அவள் கேட்பாள். ஏன் என்று அவர் சொல்ல வேண்டி வரும்.

“சரி, போயிட்டு வா,” என்றார்.

அவர் பின்னால் லாம்பு ஒரு தரம் துள்ளி எரிந்தது. பாதிக் கதவால் வெளிச்சம் முற்றத்தில் விழுந்தது. அழகம்மாவின் வெளிறிய சேலையில் விலாக்கள் விழுந்தன. ஒவ்வொன்றாக. அதன் அதன் இடத்தில். அவள் பார்க்கவில்லை. மீனம்மா குனிந்து தன் சட்டையைப் பார்த்தாள். தூசி தட்டுவதுபோல நெஞ்சைத் தட்டினாள். போகவில்லை. இன்னொரு தரம் தட்டினாள். பிறகு நிமிர்ந்து இளையதம்பியைப் பார்த்தாள்.

தாய் அவள் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வரப்பில் இறங்கினாள்.

அவர் திரும்பி மேசையைப் பார்த்தார். கண்ணாடிகள் இரண்டும் சுத்தமாக இருந்தன. துண்டுகளுக்குள்ளால் லாம்பின் திரி தெரிந்தது. கறுப்பு இல்லை. எலும்பு இல்லை.

மறுபடி வெளியே பார்த்தார். லாம்பு வெளிச்சம் முற்றத்தோடு முடிந்திருந்தது. அதற்கப்பால் வயல், மழை, இருட்டு. ஆளையோ சேலையையோ சாக்கையோ காணவில்லை. விலாக்கள் மட்டும் வரப்பில் நடந்து போயின. பெரியது முன்னால். சின்னது பின்னால். வெள்ளை வெளேரென்று, விரிந்தும் ஒடுங்கியும்.

வாய்க்கால் கரையில் சின்னது நின்றது. இரண்டாக மடிந்தது. இருமல் சத்தம் வயலைத் தாண்டிச் சற்றுப் பிந்தி வந்தது. பெரியது திரும்பி வந்து, குனிந்து, சின்னதைத் தூக்கிக்கொண்டது. விலாவும் விலாவும் ஒன்றுக்குள் ஒன்று கோத்துக்கொள்ள, அந்த வெளிச்சம் கொட்டிலை நோக்கி நடந்தது.