மூடாத வயிறு

செலியமேட்டில் கரும்புக் கொல்லையை ஒட்டிய அந்தப் பழைய ஓட்டு வீட்டின் முன் சரண்யா ஸ்கூட்டியை நிறுத்தியபோது உச்சி வெயில். ஆனாலும் உள்ளே இருட்டு. பால் வாடையும் சாம்பிராணி வாடையும் சுவரோடு ஒட்டிக் கிடந்தன.

எரிச்சலோடுதான் வந்திருந்தாள். மூலக்குளத்தில் பிசியோதெரபி பார்க்கும் அவளிடம் வந்த எத்தனையோ பிள்ளை பெற்ற பெண்களுக்கு விலகிய வயிற்றுத் தசை மறுபடி கூடிவிட்டது. இந்த வீட்டு ஜெயசித்ராவுக்கு மட்டும் கூடவில்லை. வயிற்றின் நடுவே மேலிருந்து கீழாக ஓடும் இரண்டு தசைப் பட்டைகள் கர்ப்பத்தில் விலகும். பிரசவத்துக்குப் பின் மெல்ல நெருங்கும். குடலைத் தாங்குவதும் முதுகை நிமிர்த்துவதும் இருமலுக்கு விசை கொடுப்பதும் அந்தச் சுவர்தான். இவளுக்கோ இடைவெளி வாரத்துக்கு வாரம் அகன்றது. பெற்ற பிள்ளையைத் தூக்கவே முடியவில்லை. அவள் கணவன் பிரிட்டோ வேறு, இதெல்லாம் வீண் வேலை என்று முனக ஆரம்பித்திருந்தான்.

அவளைப் பாயில் படுக்கவைத்து, பயிற்சி செய்கிறாயா இல்லையா என்று சரண்யா கடிந்துகொண்டாள். தினமும் மூச்சை விட்டபடி தொப்புளை உள்ளே இழுப்பதாகச் சொன்னாள் ஜெயசித்ரா. சரண்யா நம்பவில்லை. தொப்புளுக்கு மேல் விரல்களை வைத்து, தலையைத் தூக்கச் சொன்னாள்.

பக்கத்துத் தசைகள் இறுகின. நடுவில் விரல்கள் பதிந்தன.

இன்னும் பதிந்தன.

"நல்லா இழு ஜெயா. இன்னா, ஏமாத்துறியா?"

ஜெயசித்ரா கூரையைப் பார்த்தபடி கிசுகிசுத்தாள்.

"நான் மூடத்தான் பாக்குறேன் மேடம். அது வுட மாட்டேங்குது."

"எது?"

"மொதல் ஸ்கேன்ல ரெட்டைன்னாங்க. அப்புறம் ஒண்ணுதான் தெரியுதுன்னுட்டாங்க."

தூளியில் சிணுங்கிக்கொண்டிருந்த குழந்தை சட்டென அடங்கியது.

சரண்யா கையை எடுக்கப் பார்த்தாள்.

வரவில்லை.

தோலுக்கு அடியிலிருந்து, பச்சைப் பிள்ளை பற்றுவது போல, ஏதோ அவள் சுட்டுவிரலைச் சுற்றிப் பிடித்திருந்தது.

வெடுக்கென்று உருவிக்கொண்டு எழுந்தாள். பையைக்கூட எடுக்காமல் வாசலுக்கு ஓடினாள். பின்னால் ஜெயசித்ராவின் குரல் கேட்டது. அழுகிறாளா சிரிக்கிறாளா, தெரியவில்லை.

"மேடம்... மூடிக்கிச்சு."

திரும்பிப் பார்க்கவில்லை.

ஸ்கூட்டியில் மூலக்குளம் நெருங்கும்போது லாரிப் புழுதியில் சரண்யாவுக்கு இருமல் வந்தது. அவளுடைய அடிவயிறு இறுகியது.

இறுகிய வயிற்றை உள்ளிருந்து ஏதோ மெல்ல உதைத்தது.