அழுத்து, எடு, அழுத்து

கண்ணாடிப் பெட்டியின் உட்புறம் முழுக்கப் பனி பூத்திருந்தது. ஒரே ஓர் இடத்தில் மட்டும், கட்டைவிரல் அளவுக்கு, பனி இல்லை.

அருள்நாதன் தோளில் கிடந்த துண்டால் கண்ணாடியைத் துடைத்துப் பார்த்தார். வெளியே ஈரமே இல்லை. உள்ளிருந்து யாரோ விரலை வைத்து எடுத்ததுபோல ஒரு நீள்வட்டத் தெளிவு; அதன் வழியே அவர் மனைவி லூர்தம்மாளின் கைகள் தெரிந்தன. அந்தக் கைகளை மார்பின்மேல் சேர்த்து, கட்டைவிரல் இரண்டையும் வெள்ளை நாடாவால் இறுக்கி, மேலே செபமாலையைச் சுற்றிவிட்டவர் அவர்தான். துறைமுகத்தில் நாற்பது வருஷம் இரும்புக் கயிறு கட்டிய கை அவருடையது. அவர் போட்ட முடிச்சு தானாக அவிழ்ந்ததாகச் சரித்திரம் இல்லை. இப்போதும் அவிழவில்லை.

மதியம் இரண்டே கால். எர்ணாவூர்ச் சாலையில் கன்டெய்னர் லாரிகள் போகும்போதெல்லாம் ஜன்னல் கம்பி நடுங்கியது. பெட்டியின் மோட்டார் ஒரு கிழட்டு நாயைப்போல உறுமி அடங்கி மறுபடி உறுமியது. வெளியே ஷாமியானாவுக்கு அடியில் பிளாஸ்டிக் நாற்காலிகள் தரையில் இழுபட்டன. ரோஜா மாலை வாடத் தொடங்கிய வாடை, ஊதுபத்தி, யாரோ தெளித்த சென்ட், இவை எல்லாவற்றுக்கும் அடியில், நாற்பத்தோரு வருஷமாக அவர் மூக்கைச் சுளிக்க வைத்த இன்னொரு வாடை. மீன். செத்த பிறகும் அவளை விட்டுப் போகவில்லை.

அவர் கையிலிருந்த போன் அடித்தது. வரும் அழைப்பை எடுக்கப் பூட்டைத் திறக்க வேண்டியதில்லை என்பதால் எடுத்தார்.

"ஐயா, கோயில் உபதேசியார் பேசறேன். உங்க பங்காளி மரியதாஸ் இங்க வந்து நிக்கிறாரு. அந்தக் கல்லறை அவங்க அப்பா பங்குன்னு சொல்றாரு."

"அது எங்க அப்பா காசு கட்டி வாங்கினது. சீட்டு இருக்கு."

"இருந்தா அனுப்பிடுங்க. மூணு மணிக்குள்ள வரலன்னா பொதுக்குழியிலதான் தோண்டச் சொல்லணும். என்னைத் தப்பா நினைக்காதீங்க."

பொதுக்குழி. குடும்பத்துக்கே தலைக்கட்டான அருள்நாதனின் மனைவிக்குப் பொதுக்குழி. சொந்தபந்தம் எல்லாம் சுற்றி நின்று பார்க்க, மரியதாஸ் மீசைக்குள் சிரிப்பான்.

சீட்டின் அசல் இப்போது இல்லை. வெள்ளத்தோடு எண்ணெயும் கலந்து வீட்டுக்குள் வந்த அந்த டிசம்பரில் அலமாரியின் கீழ்த்தட்டோடு கருப்பாகிப் போனது. அதற்கு முன்பே லூர்தம்மாள் அதைத் தரையில் விரித்துப் படம் எடுத்து வைத்திருந்தாள். படம் இந்தப் போனுக்குள் இருந்தது. போனைத் திறக்கும் எண் அருள்நாதனுக்கு மறந்துவிட்டது.

எண்ணை வைத்தவரும் அவர்தான். "என் போனுக்கு என் நம்பர்" என்று யாருக்கும் காட்டாமல் கையை மறைத்துக்கொண்டு ஆறு இலக்கம் போட்டார். பிறகு அதைப் போடவேண்டிய தேவை அடிக்கடி வரவில்லை; லூர்தம்மாளின் விரல்தான் திறந்து கொடுத்தது. அவருடைய ரேகை கயிற்றோடு தேய்ந்து போனது. ரேஷன் கடை மிஷினே அவர் விரலை ஏற்காது. அதனால் தண்டையார்பேட்டையில் போன் கடை வைத்திருக்கும் ரஷீது போனை லூர்தம்மாளிடம் நீட்டி, "நீ வை ஆயா. அழுத்து... எடு... அழுத்து... எடு..." என்று இருபது தடவை சொல்லி அவள் கட்டைவிரலைப் பதிவு செய்தான். அவள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். போன் கண்ணாடியில் மீன் கவுச்சி ஒட்டிக்கொண்டதாக நினைத்து, கடை நிறைய ஆள் இருக்க, அருள்நாதன் கைக்குட்டையை எடுத்து அழுந்தத் துடைத்தார். அவள் சிரிப்பு அங்கேயே நின்றது.

காசிமேட்டு மீன் சந்தையில் அவள் மீன் வெட்டிக் கொடுத்தாள். ஃபோர்மேன் பெண்டாட்டி அருவாமனை முன் உட்கார்ந்திருக்கிறாள் என்று யாரும் சொல்லக்கூடாது என்பதற்காக, உறவினர்களிடம் அவள் கோயில் சேவைக்குப் போவதாகச் சொல்லி வைத்திருந்தார். எலுமிச்சை, புளி, சாம்பல், எது போட்டுத் தேய்த்தாலும் அந்த விரல்களிலிருந்து வாடை போகாது. அவள் கையால் பிசைந்த ஒரு கவளத்தை அவர் வாயில் வைத்ததில்லை. சாதத்தைக் கரண்டியால்தான் போடவேண்டும்.

அப்பா இறந்த வருஷத்தைப் போட்டார். தவறு. துறைமுக டோக்கன் எண். தவறு. ஃபோர்மேன் ஆன தேதி. தவறு. திருமண நாளாக இருக்குமோ என்று ஒரு கணம் தோன்றியது. அந்தத் தேதி அவருக்குத் தெரியவில்லை.

மகன் டெரிக் சார்ஜில் போட்டிருந்த, பூட்டில்லாத போனிலிருந்து ரஷீதைக் கூப்பிட்டார்.

"நம்பர் மறந்துட்டியா நைனா? அழிச்சிட்டுத் தொறக்கலாம். உள்ள கீறது எல்லாம் பூடும். படம் வேணும்னா வெரலு வெச்சாத்தான் உண்டு. வெரலும் அஞ்சு தபா தப்பாப் போச்சுன்னா அப்பால எடுக்காது, பாத்துக்க."

"விரல் ஜில்லுன்னு இருந்தா?"

"ஜில்லுன்னு இருந்தா எடுக்காது. சூடு பண்ணிக்கினு வை."

ரஷீது குரலைத் தாழ்த்தினான்.

"யாரு வெரலு நைனா?"

அருள்நாதன் இணைப்பைத் துண்டித்தார்.

வாசலில் பக்கத்து வீட்டு ராமசெல்வியின் குரல் கேட்டது. "எல்லாரும் வந்து ரெண்டு வாய் சாப்ட்டுப் போங்க. சாவு வூடுன்னா வயிறு சும்மா இருக்குமா? டெரிக்கு, உங்கப்பனையும் இட்டுனு வா!"

"அவுரு வரமாட்டாருக்கா. கவுரதி கொறஞ்சுடும்."

யாரோ சிரித்தார்கள். செருப்புச் சத்தம் பக்கத்து வீட்டுக்கு நகர்ந்தது. கூடம் காலியானது. அருள்நாதன் கதவைச் சாத்தித் தாழ் போட்டார்.

கண்ணாடி மூடியைத் தூக்கியதும் குளிர் முகத்தில் அடித்தது. குளிரோடு அந்த வாடையும்: ஐஸ் பெட்டியின் அடியில் ரெண்டு நாள் கிடந்த மீனின் வாடை. செபமாலையை விலக்கினார். முடிச்சை அவிழ்த்தார். நாடா ஈரமாகத் தோலோடு ஒட்டியிருந்தது. இழுத்தபோது கூடவே தோலும் கொஞ்சம் வந்தது.

வலது கட்டைவிரல். நுனி ஊதா நிறத்தில் இருந்தது. அருவாமனை கிழித்த பழைய தழும்பு குறுக்கே வெள்ளையாக ஓடியது. நகத்துக்கடியில் ஒரு செதில். மூன்று வருஷத்துக்கு முன்பே வேலையை நிறுத்தியவளின் நகத்தில் ஏது செதில்?

துடைத்து, போனில் வைத்தார். பொருந்தவில்லை.

மறுபடி வைத்தார். பொருந்தவில்லை.

உள்ளங்கைக்குள் வைத்துத் தேய்த்தார். வாயால் ஊதினார். சட்டையைத் தளர்த்தி, முகத்தைத் திருப்பிக்கொண்டு, அந்தக் கையை இழுத்துத் தன் அக்குளில் சொருகிக்கொண்டார். பெட்டியின்மேல் வளைந்து நின்ற அவர் முதுகில் வியர்வை வழிந்தது. அக்குளில் மட்டும் பனிக்கட்டி. நூறு வரை எண்ணினார். வைத்தார். பொருந்தவில்லை.

நான்காவது தடவையும் இல்லை.

இன்னும் ஒரு முறைதான். சுவர்க் கடிகாரத்தில் மணி இரண்டே முக்கால்.

கதவு தட்டப்பட்டது. "அப்பா, இன்னா பண்ற உள்ள? சீட்டு அனுப்பிட்டியா? மரியதாஸ் சித்தப்பா பேஜாரு பண்றாராம்."

"அனுப்பறேன். போடா."

உடம்பில் சூடான இடம் வேறு எது என்று அவர் மனம் தேடியது. தெரிந்தபோது துண்டால் உதட்டைத் துடைத்துக்கொண்டார். வேண்டாம் என்று நினைத்தார். பொதுக்குழி என்று நினைத்தார். கண்ணை மூடிக்கொண்டு குனிந்து, அந்த விரலை வாய்க்குள் வைத்துக்கொண்டார்.

உப்பு. கவுச்சி. குளிர்ந்த மெழுகு. செதில் பல்லில் உரசியது. நாக்கு ஒதுங்கப் பார்த்தது; ஒதுங்க இடமில்லை. எச்சில் ஊறி விரலைச் சுற்றி நிறைந்தது. துப்ப முடியாது. விழுங்கினார். அவள் கையிலிருந்து அவர் விழுங்கிய முதல் வாய்.

அப்போது விரல் அழுத்தியது.

மெல்ல. நாக்கின் நடுவில்.

எடுத்தது.

அழுத்தியது.

தன் கைதான் நடுங்குகிறது என்று சொல்லிக்கொண்டார். கையை விட்டுவிட்டார். அவளுடைய கை விழவில்லை. அவர் உதடுகளுக்கு நடுவே அப்படியே நின்றது. எடுத்தது. கொஞ்சம் இடப்பக்கம் நகர்ந்து அழுத்தியது. எடுத்தது. வலப்பக்கம் அழுத்தியது. பொறுமையாக. ரஷீது கடையில் சொல்லிக்கொடுத்த மாதிரியே.

பின்னால் சாய்ந்தார். விரல் வழுக்கி வெளியே வந்தது. சூடாக இருந்தது. சிவந்தும் இருந்தது.

போனில் வைத்தார். திறந்தது.

படம் முதலிலேயே கிடைத்தது. பழுப்பேறிய சீட்டு, அப்பாவின் பெயர், கல்லறை எண், கோயில் முத்திரை. காகிதத்தின் கீழ் ஓரத்தைச் சுருளாமல் பிடித்தபடி லூர்தம்மாளின் கட்டைவிரலும் படத்தில் விழுந்திருந்தது. உபதேசியாருக்கு அனுப்பிவிட்டு, செபமாலையைக் கைமேல் போட்டு, மூடியை இறக்கி, கதவைத் திறந்தார். மணி மூன்றாக நான்கு நிமிடம்.

குடும்பக் கல்லறை திறந்தது. ஊரே பார்த்தது. மரியதாஸ் தலையைக் குனிந்துகொண்டு நின்றான். சவப்பெட்டி மூடி ஆணி அடித்த பிறகுதான் அருள்நாதனுக்கு நினைவு வந்தது: கட்டைவிரல்களைத் திரும்பக் கட்டவில்லை. திறக்கச் சொல்லலாம். ஏன் அவிழ்த்தாய் என்று கேட்பார்கள். வாயை மூடிக்கொண்டார். முதல் பிடி மண்ணை அவரே போட்டார்.

மூடிய வாய்க்குள் கவுச்சி குறையவேயில்லை.

வீட்டுக்கு வந்ததும் குளியலறைக்குள் போய்ப் பல் துலக்கினார். உப்பு போட்டுக் கொப்பளித்தார். துப்பியதில் ஒரு செதில் மினுங்கியது. கண்ணாடியில் நாக்கை நீட்டிப் பார்த்தார்.

நாக்கின் நடுவில் வளைவு வளைவாகக் கோடுகள். ஒன்றுக்குள் ஒன்றாக. குறுக்கே வெள்ளையாக ஒரு தழும்பு.

உள்ளே இழுத்துக்கொண்டார். உதட்டை இறுக்கினார்.

கூடத்தில் இருபது பேர் டீ குடித்துக்கொண்டிருந்தார்கள். கண்ணாடிப் பெட்டியை எடுத்துப்போக இன்னும் வண்டி வரவில்லை. மின் இணைப்பு பிடுங்கப்பட்டு ஓரமாக நின்றது. மரியதாஸ் நடுவில் உட்கார்ந்திருந்தான்.

"அண்ணாத்தே, எல்லாம் நல்லபடியா முடிஞ்சுது. ஆனா அந்தச் சீட்ட நான் கண்ணால பாக்கல. உபதேசியார் பாத்தாரு, செரி. எனக்கும் காட்டு. எல்லாருக்கும் காட்டு. போட்டோவுல இன்னா வேணா பண்றாங்க இப்ப."

"எங்கப்பா பொய் சொல்லமாட்டாரு சித்தப்பா," என்றான் டெரிக். "காட்டுப்பா. மூஞ்சில அடிச்ச மாதிரி காட்டு."

அருள்நாதன் போனை எடுத்தார். பூட்டியிருந்தது. தன் கட்டைவிரலை வைத்தார். பொருந்தவில்லை.

"இன்னாப்பா, நம்பர் போடு."

இருபது பேரும் பார்த்தார்கள். டீ கிளாஸ்கள் பாதியில் நின்றன.

வாய்க்குள் ஒன்று அசைந்தது.

பல்லைக் கடித்தார். தலையைத் திருப்ப முயன்றார். கழுத்து திரும்பவில்லை. போன் பிடித்த கை உயர்ந்தது. அவர் உயர்த்தவில்லை. உதடு பிரிந்தது. அவர் பிரிக்கவில்லை. கவுச்சி வாடை கூடம் முழுக்கப் பரவியது. ராமசெல்வி முந்தானையால் மூக்கை மூடினாள்.

நாக்கு வெளியே வந்தது. ஊதா நுனி. வெள்ளைத் தழும்பு. கண்ணாடியில் படிந்தது.

போன் திறந்தது.

"ஐய... கலீஜ்," என்று யாரோ எழுந்தார்கள். டெரிக் அப்பாவைப் பார்க்காமல், இரண்டு விரலால் போனைப் பிடுங்கி, எச்சிலைத் துடைத்து, படத்தை மரியதாஸிடம் காட்டினான். சீட்டு இருந்தது. அப்பாவின் பெயர் இருந்தது. முத்திரை இருந்தது. காகிதத்தின் கீழ் ஓரம் மட்டும் சுருண்டு கிடந்தது. அதைப் பிடித்திருந்த கட்டைவிரலைக் காணவில்லை.

அருள்நாதன் கைகள் தொடைமேல் கிடந்தன. முதுகு நேராக இருந்தது. முன்னால் போன் இல்லை. ஆனாலும் எல்லார் முன்னிலையிலும், விரிந்த வாயிலிருந்து, நாக்கு காற்றில் நீண்டது. அழுத்தியது. எடுத்தது. கொஞ்சம் இடப்பக்கம் நகர்ந்து, பொறுமையாக, மறுபடியும் அழுத்தியது.