பிணத்துக்குப் பாதி மார்க்!

ஒரு பிணத்தையே வாக்குமூலம் கொடுக்க வைத்தவர் என் மனைவி!

சிரிக்காதீர்கள். உயிரோடு இருக்கிறவனிடம் வாக்குமூலம் வாங்கவே போலீஸ்காரர்களுக்கு நாக்குத் தள்ளுகிறது. என் மனைவி, கடல் கடந்து ஓர் உறைவிடப் பள்ளியில் வேலைக்குச் சேர்ந்த முதல் வாரத்திலேயே, என் காபி ஆறுவதற்குள் அதைச் சாதித்தார்.

கேட்டவர்கள் எல்லோரும் நம்பினார்கள். ஒரே ஒருவரைத் தவிர.

அவர் யார் என்று இப்போதே கேட்டால் எப்படி? முதலில் அலறலைக் கேளுங்கள்.

"ஐயோ... சார் போயிட்டாரே...!"

ஆசிரியர் ஓய்வறையிலிருந்து துப்புரவுப் பெண் துடைப்பத்தோடு வெளியே பாய்ந்தார். அந்த அலறலில் கூரைமேல் இருந்த புறாக்கள் பக்கத்து நாட்டுக்குக் குடிபெயர்ந்தன. விசா இல்லாமல்!

உள்ளே சோபாவில் துணை முதல்வர்.

நீட்டி நிமிர்ந்து... டை கட்டியபடி... ஷூவையும் சாக்ஸையும் கழற்றி ஓரமாக ஜோடி சேர்த்து வைத்துவிட்டு...

செத்துக் கிடந்தார்!

பள்ளி டாக்டர் ஓடி வந்தார். "மாரடைப்பு. போயிட்டார். ஆம்புலன்ஸுக்குச் சொல்லியாச்சு."

சொல்லிவிட்டுத்தான் ஸ்டெதஸ்கோப்பைக் காதில் மாட்டினார். அவ்வளவு அனுபவம்!

கூட்டத்தில் என் மனைவியும் நின்றார். இடுப்பில் ஒரு சாவிக்கொத்து. கொத்தா அது? ஒரு கோட்டையையே உருக்கிச் செய்த மாதிரி இருந்தது. அதைக் கொடுத்ததே இந்தப் பிணம்தான்.

போன வாரம் நாங்கள் வந்து இறங்கிய அன்று, பெட்டியைக்கூடக் கீழே வைக்கவிடாமல் துணை முதல்வர் ஆரம்பித்தார்.

"மேடம், வார்டன் வேலை ரொம்ப சிம்பிள். காலைல பிள்ளைங்களை எழுப்பணும்."

"முப்பது வருஷமா அதைத்தானே சார் பண்றேன்."

"எழுப்பிட்டு நீச்சல் குளத்துப் பக்கம் நிக்கணும்."

"எனக்கு நீச்சல் தெரியாதே?"

"நிக்கத் தெரியும்ல? போதும். அப்புறம், கணக்கு டீச்சர் லீவுன்னா நீங்கதான் கணக்கு."

"அவங்க எப்ப லீவு போடுவாங்க?"

"போட்டுட்டாங்க. போன வருஷமே."

"சார்... எனக்கு லீவு உண்டா?"

அவர் யோசித்தார். மேலே பார்த்தார். கீழே பார்த்தார். "செத்தா உண்டு மேடம்."

பிறகுதான் சாவிக்கொத்தை நீட்டினார்.

"மொத்தப் பள்ளியும் இதுல இருக்கு. பரீட்சை கேள்வித்தாள் வைக்கிற இரும்பு அலமாரி உட்பட. புதுசா வர்றவங்ககிட்ட இதைக் கொடுக்கிறது எங்க மரபு."

"பழைய ஆளுங்க?"

"யாரும் வாங்கிக்க மாட்டேங்கிறாங்க."

குவார்ட்டர்ஸுக்கு வந்ததும் என் மனைவி கட்டிலில் சரிந்தார். "ஏங்க... இவங்க வேலைக்கு ஆள் எடுத்தாங்களா, இல்ல சந்தைல மாடு பிடிச்சாங்களா?"

"மாட்டையாவது சாயங்காலம் அவிழ்த்து விடுவாங்களேம்மா."

நான் ஓய்வு பெற்றவன். மனைவி வேலை பார்க்க, கூட வந்து காபி குடிப்பது மட்டுமே என் பொறுப்பு. அதை நான் ஒரு நாளும் தட்டிக் கழித்ததில்லை.

சரி, பிணத்துக்கு வருவோம்.

டாக்டர் போர்வையால் உடலை மூடிக்கொண்டிருந்தபோது இரண்டாவது அலறல்!

இந்த முறை முதல்வர் அம்மா. "கேள்வித்தாளைக் காணோம்...!"

இரும்பு அலமாரி அம்போவென்று திறந்து கிடந்தது. நாளை மறுநாள் இறுதிப் பரீட்சை. சீல் வைத்த உறைகள் அத்தனையும் மாயம்! வெளியே விலை பேசினால் ஒரு தீவையே வாங்கலாம். கடலோடு சேர்த்து!

கேட்டை இழுத்துப் பூட்டினார்கள். இன்ஸ்பெக்டர் வந்தார். மீசை முதலில் வந்தது. அவர் பின்னால் வந்தார்.

எல்லோர் பையும் சோதனை. மேஜை, பீரோ, பூந்தொட்டி... என் காபி ஃபிளாஸ்க்கைக்கூடக் கவிழ்த்துப் பார்த்தார்கள். பாவிகள்!

"பூட்டை உடைக்கல. சாவி போட்டுத் திறந்திருக்காங்க. சாவி யார்கிட்ட?" என்றார் இன்ஸ்பெக்டர்.

எல்லா விரலும் என் மனைவியைக் காட்டின.

"மேடம்... வேலைக்குச் சேர்ந்து எவ்வளவு நாள் ஆச்சு?"

"ஒரு வாரம்கூட ஆகல சார்."

"அதுக்குள்ள அலமாரியையே காலி பண்ணிட்டீங்க. நல்ல சுறுசுறுப்பு."

"சார், எனக்குத் தலை சீவவே நேரம் கிடைக்கல. திருடறதுக்கு நேரம் எங்க சார் கிடைக்கும்?"

"அதெல்லாம் ஸ்டேஷன்ல சொல்லுங்க. பேப்பர் கிடைக்கலைன்னா நேரா ஜெயில்தான்."

என் மனைவியின் முகம் வெளுத்தது. வேலை போனால் போகட்டும் என்று விமானம் ஏறிவிடலாம். அந்நிய நாட்டில் கம்பி எண்ணுவது என்றால்...?

ஆம்புலன்ஸ் வந்து நின்றது.

"நான் சொல்ற வரைக்கும் யாரும் இந்த இடத்தை விட்டு அசையக்கூடாது!" இன்ஸ்பெக்டர் கர்ஜித்தார். பிறகு ஸ்ட்ரெச்சரைப் பார்த்துத் தொப்பியைக் கழற்றினார். "இவர் மட்டும் போகலாம்."

டாக்டர் அவசர அவசரமாக வண்டியின் கதவைத் திறக்க முன்னால் ஓடினார்.

ஸ்ட்ரெச்சர் எங்களைக் கடந்தது. போர்வை கொஞ்சம் குட்டை. காலை மூடினால் முகம் தெரிந்தது.

"ஒரு நிமிஷம். கும்பிட்டுக்கிறேன்," என்றார் என் மனைவி.

குனிந்தார். முகத்தைப் பார்த்தார்.

நிமிர்ந்தபோது, அவர் கண்ணில் ஒரு பளபளப்பு. எனக்கு அந்தப் பளபளப்புத் தெரியும். நான் தூங்குவதுபோல் படுத்துக்கொண்டு கறிகாய் வாங்கப் போகாமல் தப்பிக்கும்போதெல்லாம் வரும் பளபளப்பு.

"ஏங்க..." என் காதைக் கடித்தார். "இமையை எவ்வளவு இறுக்கி மூடியிருக்கார் பாத்தீங்களா? காலைல எழுப்பப் போனா பிள்ளைங்க இப்படித்தான் இறுக்கும். நெஜமாத் தூங்குறவங்க இறுக்க மாட்டாங்க."

"இவர் தூங்கலையேம்மா. செத்துல்ல போயிட்டார்?"

"செத்தவங்க இன்னும் இறுக்க மாட்டாங்க!"

தூங்குகிறவனை எழுப்பலாம், தூங்குவதுபோல் நடிக்கிறவனை எழுப்ப முடியாது என்று ஒரு பழமொழி உண்டு. அதைச் சொன்னவர் நிச்சயம் ஹாஸ்டல் வார்டனாக வேலை பார்த்தவர் அல்ல!

என் மனைவி போர்வையை இழுத்து முகத்தை மூடினார். பாதங்கள் வெளியே வந்தன. பிறகு, பிணத்துக்கும் கேட்கும் குரலில் ஆரம்பித்தார்.

"பாவம்ங்க... நெஜமா மாரடைப்பா இருந்தா இந்நேரம் வலது கால் கட்டைவிரல் ஆடியிருக்கணுமே!"

எனக்குப் புரிந்துவிட்டது. இத்தனை வருடக் குடித்தனம் சும்மாவா? "அப்படியாம்மா? ஆடலைன்னா?"

"ஆடலைன்னா விஷம். அப்புறம் ஆம்புலன்ஸ்லாம் கிடையாது. இங்கேயே, இப்பவே, வயித்தைக் கிழிச்சுப் பாத்துடுவாங்க."

நான் அந்தப் பாதத்தையே பார்த்தேன்.

பிறகு...

வலது கால் கட்டைவிரல்... மெல்ல... மிக மரியாதையாக...

ஆடியது!

"இன்ஸ்பெக்டர் சார்ர்ர்...! பிணம் காலை ஆட்டுது!"

இன்ஸ்பெக்டர் திரும்புவதற்குள் கட்டைவிரல் கல்லாகியிருந்தது. ஆனால் டாக்டர் கல்லாகவில்லை. ஓட்டம் பிடித்தார்! அப்படி ஓர் ஓட்டத்தை அந்தப் பள்ளி விளையாட்டு விழாவில்கூடப் பார்த்திருக்காது. பூட்டிய கேட்டில் முட்டி, கான்ஸ்டபிள் மடியில் விழுந்தார்.

இன்ஸ்பெக்டர் போர்வையை உருவினார். சட்டைப் பொத்தானைப் பிய்த்தார்.

வயிற்றில் வரிசையாக... பட்டையாக ஒட்டி... சீல் வைத்த உறைகள்!

எல்லோரையும் சோதித்தவர்கள் பிணத்தைச் சோதிப்பார்களா? அதுதான் திட்டம். அலமாரிச் சாவிக்கு நகல் எடுத்து வைத்துக்கொண்டுதான் கொத்தை என் மனைவியிடம் தள்ளியிருக்கிறார். செத்தவரை அப்புறம் யார் தேடப் போகிறார்கள்? தவிர, அந்தப் பள்ளியில் ராஜினாமா செய்வதைவிடச் சாவது சுலபம். ராஜினாமாவுக்கு ஒரு வருட நோட்டீஸ்!

துணை முதல்வர் மெதுவாகக் கண் திறந்தார். நெற்றியைப் பிடித்துக்கொண்டார்.

"நான்... எங்கே இருக்கேன்...?"

"ஸ்ட்ரெச்சர்ல," என்றார் இன்ஸ்பெக்டர். "உடம்பெல்லாம் கேள்வித்தாளோட."

"ஐயையோ! டாக்டர் சத்து ஊசின்னு ஏதோ போட்டார். அப்புறம் ஒண்ணுமே ஞாபகம் இல்ல!" அவர் விரல் என் மனைவியை நோக்கி நீண்டது. "இவங்கதான்! சாவி இவங்ககிட்டதானே? இவங்களும் டாக்டரும் கூட்டு! என்னை மயக்கி, பேப்பரை என் வயித்துல கட்டி வெளியில கடத்தப் பாத்திருக்காங்க!"

அங்கே டாக்டரோ, வக்கீல் வராமல் வாயைத் திறக்க மாட்டேன் என்று உதட்டைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"மயக்கத்துல இருந்தவர் நான் சொன்னதைக் கேட்டு எப்படி சார் காலை ஆட்டினார்?" என்றார் என் மனைவி.

"பொய்! சுத்தப் பொய்! கால் ஆடவே இல்ல!"

ஆமாம் வாசகரே... நம்பாத அந்த ஒரே ஒருவர் இவர்தான். அந்தப் பிணமேதான்!

இன்ஸ்பெக்டர் தாடையைச் சொறிந்தார். "நான் பாக்கலையே மேடம். வேற யார் பாத்தது?"

"என் வீட்டுக்காரர் பாத்தாரே!"

இன்ஸ்பெக்டர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "இவரா? சின்ன வயசுல எரிமலை வாய்ல குளிச்சேன்னு கேட் காவலாளிகிட்ட சொன்னவர்தானே?"

"சூடு கொஞ்சம் ஜாஸ்தி சார்," என்றேன் அடக்கமாக.

"இந்தச் சாட்சியை வச்சுக்கிட்டு நான் கோர்ட்டுக்குப் போனா, என்னையே உள்ளே தள்ளிடுவாங்க. மன்னிச்சுடுங்க மேடம்... கையை நீட்டுங்க."

விலங்கு ஜொலித்தது.

வாழ்க்கையில் முதல் முறையாக ஒரு நிஜத்துக்குச் சாட்சி நான்... அது கோர்ட்டில் செல்லாதாம்!

என் மனைவி கையை நீட்டினார். பெருமூச்சு விட்டார்.

"சரி சார். விடுங்க. நான்தான் தப்பாப் பாத்திருப்பேன்."

"ஏய்! என்னம்மா சொல்றே?" பதறினேன் நான்.

"ஆமாங்க. அது ஆடினதுன்னு சொல்றதே ஜாஸ்தி. கொசு கடிச்ச மாதிரி ஒரு இழுப்பு. அவ்வளவுதான். இதெல்லாம் ஒரு நடிப்பா? எங்க ஹாஸ்டல்ல ஒண்ணாங்கிளாஸ் பிள்ளைங்க இதைவிட நல்லா ஆட்டும்."

துணை முதல்வரின் உதடு துடித்தது.

"ஆட்டினவருக்குக் கொஞ்சம்கூட அக்கறை இல்ல சார்," என் மனைவி தொடர்ந்தார். "கடமைக்கு ஒரு தடவை ஆட்டிட்டு விட்டுட்டார். நான் மார்க் போட்டா பாதி மார்க்தான் போடுவேன். ஃபெயிலாக்கிட்டா பாவம்னு அந்தப் பாதி."

"பாதியா...?" ஸ்ட்ரெச்சரில் துணை முதல்வர் எழுந்து நின்றேவிட்டார். "ஒரு தடவையா? ரெண்டு தடவை ஆட்டினேன்யா! நல்லாத் தெரியற மாதிரி ஆட்டினேன்! நீங்க வலது கால்னு சொன்னீங்க, நானும் சரியா வலது காலைத்தானே...!"

நிறுத்தினார்.

டையைச் சரிசெய்துகொண்டார். மெல்ல உட்கார்ந்தார்.

விலங்கு என் மனைவியின் கையை விட்டு நகர்ந்து, ஸ்ட்ரெச்சர் பக்கம் திரும்பியது.

"அப்ப... கால் ஆடினது உண்மைதானா சார்?" இன்ஸ்பெக்டர் தேனாகக் கேட்டார்.

துணை முதல்வர் தலை குனிந்தார். "...உண்மைதான். ஆடுச்சு."

இன்ஸ்பெக்டர் கான்ஸ்டபிளைக் கூப்பிட்டார்.

"மரண வாக்குமூலம்னு தலைப்பு போட்டு எழுதிக்கய்யா. கையெழுத்துக்கு அலைய வேண்டாம்... பிணமே போட்டுத் தரும்!"