உருக்கிய கால்

சைலன்சரில் பட்ட கால் சுடவில்லை. முடி கருகும் வாடை மூக்கில் ஏறிய பிறகுதான் தசரதன் குனிந்து பார்த்தான். வலது கணுக்காலில் எட்டணா அகலத்துக்குத் தோல் வெந்து வெளுத்திருந்தது. விரலால் அழுத்தினான். வேறு யாருடைய காலையோ அழுத்துவது போலிருந்தது.

"என்னப்பா, பொணம் எழுந்து உக்காந்துடுச்சா?" என்று கேட்டபடி ஷெட்டுக்குள் வந்தார் காரின் சொந்தக்காரர் சாந்திகுமார்.

"ஓடுதுங்க. சத்தத்தைக் கேளுங்க."

வெள்ளைக்காரன் காலத்துக் கார். இன்ஜின் தண்டைத் தாங்கும் பேரிங் தேய்ந்து இரண்டு வருஷமாக நின்றுகிடந்தது. அந்தப் பேரிங் இப்போது சீமையிலும் செய்வதில்லை. மெட்ராஸ் பழைய சாமான் கடைகளிலும் கிடைக்கவில்லை. பேரிங்கின் பழைய கூட்டில் வெள்ளீயத்தை உருக்கி ஊற்றிக் கடைவது ஒன்றே வழி. அதற்காக இருசப்பனின் காயலான் கடையிலிருந்து ஒரு சாக்கு வாங்கி வந்தான். ஊர்க்கோடி மாரியம்மனுக்கு வேண்டுதலாகச் சாத்தி, பிறகு கோயிலில் வாரி எடைக்குப் போட்ட வெள்ளீயத் தகடுகள். கண், கை, கால். எல்லாம் பலித்து முடிந்த வேண்டுதல்கள்தானே என்று நினைத்தான்.

நேற்று அடுப்பு காய்ந்துகொண்டிருந்தபோது பச்சையம்மாள் வந்தாள். அவள் இடுப்பில் எட்டு வயது மகள் எல்லம்மா. சிறுமியின் கால்கள் இரண்டும் ஈரத்துணி போலத் தொங்கின.

"அண்ணே, இவ கால் தகடு இதுல வந்துடுச்சுங்க. முந்தாநாள்தான் சாத்தினேன், இன்னும் பலிக்கல. பழசோட சேத்து வாரிட்டாங்க. தேடி எடுத்துக்கிறேனே."

"எல்லாக் காலும் ஒரே கால்தாம்மா. வேற வாங்கிச் சாத்து, போ."

சாக்கைக் கவிழ்த்துக் காட்டியிருக்கலாம். ஒரு பீடி புகைக்கும் நேரம்கூட ஆகியிருக்காது. அவள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே கால்களை அள்ளி அடுப்பிலிருந்த சட்டியில் போட்டான். அவை சுருங்கின, பளபளத்தன, ஒன்றாயின.

சாயங்காலம் சாந்திகுமாரைப் பக்கத்தில் உட்காரவைத்து, மலை சுற்றும் பாதையில் காரை விட்டான். வெயில் இறங்கிய தார் வாசனையும், கடலைக் கொடி காயும் மணமும், வேப்பமரங்களின் நீண்ட நிழல்களும் ஒன்றன்பின் ஒன்றாக உள்ளே வந்து போயின. இன்ஜின் சத்தம் மட்டும் சீராக, தடதடவென்று, வெறுங்கால்கள் மண்ணில் ஓடுவது போல் கேட்டது. மரத்துப்போன உணர்வு அவன் முழங்காலைத் தாண்டியிருந்தது. பயப்பட வேண்டும் என்று தெரிந்தது. பயம் வரவில்லை.

அடி அண்ணாமலை ஊரில், ஒரு பெட்டிக்கடை வாசலில் பச்சையம்மாள் நின்றிருந்தாள். எல்லம்மா தரையில் உட்கார்ந்திருந்தாள். கார் அருகே வந்ததும் சிறுமி எழுந்தாள்.

நின்றாள். ஓடினாள்.

"தாயே! எம்பொண்ணு ஓடுறாளே!" பச்சையம்மாள் தலைக்குமேல் கைகூப்பி அழுதாள்.

எல்லம்மா சிரித்துக்கொண்டே காருக்குப் பின்னால் வந்தாள். கண்ணாடியில் அவளைப் பார்த்த தசரதனின் நெஞ்சு ஒரு நிமிஷம் இளகியது. தெய்வம் தன் பிழையைப் பொறுத்துக்கொண்டது என்றே நம்பினான்.

"மெதுவா போப்பா, கொழந்தை பின்னாலயே வருது."

"காலை எடுத்துட்டேனுங்க."

குனிந்து பார்த்தான். எடுக்கவில்லை. கால் ஆக்சிலரேட்டரை அழுத்திக்கொண்டிருந்தது. தூக்க நினைத்தான். நினைப்பு அதுவரை போகவில்லை. கியரைப் பிடித்திருந்த கையும் அவனுடையதாக இல்லை.

சாந்திகுமார் சாவியைத் திருகிப் பிடுங்கினார். இன்ஜின் நிற்கவில்லை.

தடதட. தடதட.

எல்லம்மா இப்போது ஜன்னலுக்கு நேரே ஓடினாள். சிரிப்பு இல்லை.

"நிறுத்துங்க மாமா... வலிக்குது மாமா."

அவன் வாய் திறந்தது. நாக்கும் மரத்திருந்தது.

பச்சையம்மாளின் குரல் வெகுதூரத்தில் தேய்ந்தது. சாலையில் யாரும் இல்லை. மலை நிழல் முழுதாக இறங்கியிருந்தது.

சிறுமி நிற்கப் பார்த்தாள். தோள் பின்னால் சாய்ந்தது. தலை துவண்டது. கைகள் காற்றைப் பிடித்தன.

கால்கள் மட்டும் ஓடின.