சாட்சி நாற்காலி

மனநல மருத்துவமனையின் ஏழாம் வார்டில் தினமும் காலை பத்து மணிக்குக் கோர்ட் கூடும். நான்கு நாற்காலிகள். முதுகில் அட்டைகள்: நீதிபதி, வக்கீல், குற்றம் சாட்டப்பட்டவர், சாட்சி. விசாரணை என்றால் என்னவென்று விளங்காத கைதிகளுக்கு அதை விளங்கவைத்து நீதிமன்றத்துக்குத் திருப்பி அனுப்புவது டீச்சரின் வேலை.

கைதியாக வந்த பெயிண்டர் ஒருவன் முதல் நாளே சாட்சி நாற்காலியில் உட்கார மறுத்தான். தண்ணீர்த் தொட்டியில் அண்ணியை அமுக்கிக் கொன்றதாக அவன்மேல் வழக்கு. புகார் கொடுத்தது அவன் அண்ணன்.

“அங்க அண்ணி இருக்காங்க, டீச்சர்.”

“சரி, நீ நீதிபதியா இரு. நீதிபதி என்ன செய்வாரு?”

“தூங்காம கேப்பாரு.”

எல்லோரும் சிரித்தார்கள். டீச்சரும்தான்.

கூட்டிப் பெருக்கும் ஆயாவுக்குத்தான் எரிச்சல். “இந்த ஒரு நாற்காலி அடியில மட்டும் தினம் தண்ணி. கூரை ஒழுகுதா, இல்ல எவனாவது ஊத்துறானா?”

மழை பெய்து இரண்டு மாதம் ஆகியிருந்தது.

இரண்டே மாதத்தில் பெயிண்டர் எல்லாம் கற்றுக்கொண்டான், சாட்சி நாற்காலி காலி என்ற ஒன்றைத் தவிர. டாக்டர் கறாராகச் சொல்லிவிட்டார்: காலி நாற்காலியோடு பேசுகிறவனுக்கு, விசாரணைக்கு நிற்கலாம் என்ற தகுதிச் சான்று கிடையாது.

“டாக்டர் கேட்டா அங்க யாரும் இல்லன்னு சொல்லிடுப்பா. காலம்பூரா இங்கயே கெடக்கப் போறியா?” என்றாள் டீச்சர்.

“அண்ணி ஒண்ணு சொல்லணும்ங்கறாங்க.”

“அதெல்லாம் அப்புறம்.”

என்னவென்று அவள் கேட்கவில்லை.

வெள்ளிக்கிழமை டாக்டர் முன்னால் அவன் சொன்னான். “யாரும் இல்ல, டாக்டர்.”

ஈரத் தலைமுடியின் வாடை அறையை நிறைத்தது.

டாக்டர் கையெழுத்துப் போட்டார்.

அவன் போனபின் தரை காய்ந்தது. ஆயா நிம்மதியானாள், டீச்சரும். ஏழு மாதம் கழித்துத் தீர்ப்பு வந்தது. அண்ணனின் சாட்சியமே போதுமானதாக இருந்தது. ஆயுள் தண்டனை.

மறுநாள் வகுப்புக்குப் புதிதாக ஒரு பஸ் கண்டக்டர் வந்தார். வார்டுக்கு வந்து மூன்று மாதம், ஒரு வார்த்தை பேசாதவர். டீச்சர் சாட்சி நாற்காலியைக் காட்டினாள்.

அவர் உட்காரவில்லை.

“அந்தம்மா தலையெல்லாம் ஈரமா இருக்கே,” என்றார், மெதுவாக.

டீச்சர் ஓரடி பின்வாங்கினாள்.

“புருஷன்தான் அமுக்கினானாம். கொழுந்தன் காப்பாத்த வந்தானாம்.” கண்டக்டர் காலி நாற்காலியின் பக்கம் காதைச் சாய்த்தார். “நீங்க ஏன் கேக்கவே இல்லன்னு கேக்கறாங்க.”

டீச்சர் கீழே பார்த்தாள். நாற்காலிக்கு அடியில் தரை காய்ந்திருந்தது.

அவள் செருப்பைச் சுற்றித்தான் தண்ணீர் நின்றது.