திருப்பி வாங்கிய பிள்ளை

ஆற்றோரத் தெருவில் திரும்பும்போதே பிள்ளையின் கனம் குறைந்திருந்தது. இரண்டு வயது மைக்கா கொழுகொழுவென்று இருப்பான். பாலம் தாண்டித் தங்கள் தீவிலிருந்து வருவதற்குள் வெர்னீஸுக்கு இடுப்பு விட்டுப்போயிற்று. இப்போது யாரோ அடியில் ஒரு கை கொடுத்ததுபோல் லேசாக இருந்தான். அவள் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. கணவன் ரூஃபஸைப் புதைத்த இந்த ஆறு வாரத்தில் அவளுக்கு எதுவுமே பெரிதாகப் படவில்லை. தட்டில் போட்டதைத் தின்றாள், படுக்கச் சொன்னால் படுத்தாள், அழ மட்டும் வரவில்லை.

அமெரிக்கத் தென்கரை ஊரான பியூஃபர்ட்டின் பழைய தெருக்களில் வசந்த காலத்தில் ஒருநாள் மாளிகைகளைப் பார்வைக்குத் திறந்துவிடுவார்கள். ரூஃபஸ் கடைசியாகத் தச்சுவேலை செய்தது அதில் ஒன்றில். மாடித் தாழ்வாரத்தின் ஓரத்தில் ஓடும் மரக் கைப்பிடி அவன் இழைத்தது. இழைத்து முடித்த அன்றே மார்வலியில் போய்விட்டான். அப்பன் கை பட்டதைப் பிள்ளை ஒருதரம் தொடட்டும் என்று நாத்தனார் ஹெஸ்டர்தான் பிடிவாதமாக இழுத்துவந்தாள்.

சுற்றிக்காட்டிய வெள்ளைக்கார அம்மாள் சரவிளக்கைக் காட்டி, அது எந்தக் கப்பலில் வந்தது என்று இனிக்க இனிக்கச் சொன்னாள்.

"எந்தக் கப்பல்னு சொல்றா. அதுக்குத் தூசி தட்டினது யாருன்னு கேளு, வாயத் தொறக்க மாட்டா," என்று ஹெஸ்டர் காதில் முணுமுணுத்தாள்.

வெர்னீஸ் சிரிக்கவில்லை. பழைய மரமும் மெழுகும் கலந்து அடித்த வாசத்துக்கு நடுவே, அப்போதுதான் இழைத்த பைன் மரச் சீவலின் வாசம் தனியாக வந்துகொண்டிருந்தது. மாடிப்படி ஏற ஏற அது கூடியது. பிள்ளையோ ஏற ஏற இன்னும் லேசானான். ஒரு கையை எடுத்துப் பார்த்தாள். அவன் விழவில்லை. நல்லதுதான், தோளுக்குக் கொஞ்சம் ஓய்வு என்று நினைத்தாள்.

தாழ்வாரத்தில் நல்ல வெயில். கீழே ஆற்றில் தண்ணீர் வற்றி, சேறு கருகருவென்று கிடந்தது. மற்றவர்கள் பார்த்துவிட்டு இறங்கிப் போனார்கள்.

"அண்ணி, இவன் கனமே இல்ல," என்றாள் வெர்னீஸ்.

"கேக்கும் சோளரொட்டியுமா ஊட்டுறே, கனமில்லையாம்." ஹெஸ்டர் சிரித்தபடி பிள்ளையின் காலைத் தூக்கிப் பார்த்தாள். சிரிப்பு நின்றது. "அன்னிக்குப் பெட்டிக்கு மேலால இவன நான்தானே வாங்கினேன்?"

ஆமாம். தீவில் யார் செத்தாலும் அப்படித்தான். வீட்டின் சின்னப் பிள்ளையைச் சவப்பெட்டிக்கு மேலே இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கத்துக்குக் கைமாற்றிவிடுவார்கள். அதோடு செத்தவர் பிள்ளையைத் தேடி வரமாட்டார். வெர்னீஸ் கொடுத்தாள், எதிரே நின்ற ஹெஸ்டர் வாங்கினாள்.

"அப்புறம் ஒங்கிட்ட எப்படி வந்தான்?"

"அழுதான். கை நீட்டினேன். நீங்க குடுத்தீங்க."

"சுத்தி வந்துதானே வாங்கினே?"

வெர்னீஸ் யோசித்தாள். பெட்டியின் வார்னிஷ் பளபளப்பு ஞாபகம் வந்தது. அதில் பிள்ளையின் நிழல் இரண்டு தடவை போனது. போனது ஒருதரம். வந்தது ஒருதரம்.

"மேலாலதான்," என்றாள்.

ஹெஸ்டரின் முகம் சாம்பலாகிவிட்டது. "கடவுளே, நானும் மறந்து நீட்டிட்டேனே. தாண்டிவிட்டதத் திருப்பி அவன்கிட்டயே விட்டுட்டோமேடி. பிள்ளையக் கெட்டியாப் புடி. கைப்பிடியவிட்டுத் தள்ளி வா."

வெர்னீஸுக்குக் கேட்டது. வரவும் நினைத்தாள். கால்தான் வரவில்லை. மரச் சீவல் வாசம் மூக்குக்கு நேரே நின்றது. மைக்காவின் சட்டை இரண்டு அக்குளிலும் கொத்தாகச் சுருங்கியது. யாரும் தொடவில்லை.

அவள் இறுக்கினாள். தன் விலாவைத்தான் இறுக்கினாள்.

பிள்ளை கைப்பிடிக்கு மேலே இருந்தான். மல்லாந்து. முகம் வெயிலில். அழவில்லை. மெதுவாகப் போனான். பழகிய கைகள் தூக்குகிற பதனத்தில், இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கம்.

அந்தப் பக்கம் தரை கிடையாது.

ஹெஸ்டர் அலறிக்கொண்டு ஓடிவந்தாள். வெர்னீஸ் கை நீட்டினாள். ஆறு வாரமாக வராத அழுகை அப்போதுதான் தொண்டையைப் பிளந்துகொண்டு வந்தது. "ரூஃபஸ், குடுத்துடு. என் பிள்ள, குடுத்துடு."

கை எட்டவில்லை.

எட்டடி தள்ளி, சேற்றுக்கு மேலே வெறும் வெயிலில், மைக்கா பக்கவாட்டில் உட்கார்ந்திருந்தான். ஒரு கால் முன்னே, ஒரு கால் பின்னே, ஒருவன் இடுப்பில் ஏறி உட்காரும் உயரத்தில். கன்னத்தை எதன்மேலோ சாய்த்துக்கொண்டு, கண் சொருகித் தூங்கத் தொடங்கியிருந்தான்.