ஓரம் அடித்த இஹ்ராம்

"இந்த இஹ்ராம் துணி யாரோடதுங்க?"

மைக்கில் வந்த குரலுக்கு மண்டபமே திரும்பிப் பார்த்தது. அட்டைப்பெட்டிகளை அடுக்கி, கறுப்புத் துணி போர்த்தி வைத்திருந்த காபா மாதிரியைச் சுற்றி வந்துகொண்டிருந்த ஹாஜிகள் நான்காவது சுற்றிலேயே நின்றுவிட்டார்கள். ஓசூரில் ஹஜ் பயிற்சி வகுப்பின் முதல் ஞாயிறு அது.

அப்பாவோடு வந்திருந்த தஸ்னீம் எழுந்தாள். "எங்க அத்தாவோடது..."

"ஆம்பளைங்க இஹ்ராம்ல தையலே கூடாது, தெரியாதா? ஓரமெல்லாம் தச்சு வெச்சிருக்கே! யாருங்க தச்சது?"

"நான்தான்."

"இதக் கட்டிட்டுப் போனா ஹஜ்ஜு எப்படிங்க ஆகும்?"

யாரோ சிரித்தார்கள். பிறகு எல்லோரும் சிரித்தார்கள். தஸ்னீமுக்குக் காது சுட்டது. கார்மென்ட்ஸ் கம்பெனியில் மூன்று வருடமாகச் செக்கிங் பார்க்கிறவள். பிசிறு தொங்கும் துணியை அவள் கை சும்மா விடாது. ஹஜ்ஜில் ஆண்கள் உடுத்தும் வெள்ளைத் துண்டு இரண்டு, எட்டு ஓரம். ஆசை ஆசையாக மடித்துத் தைத்தாள். அத்தாவின் இருபத்தாறு வருட ஆசை இந்த ஹஜ். அதைத் தானே கெடுத்துவிட்டோமா...?

மைக்கைப் பிடித்திருந்தவனை அப்போதுதான் நிமிர்ந்து பார்த்தாள். அடர்ந்த இமைகள்... ஈரம் காயாத திராட்சை போலக் கண்கள்... சே! திட்டுகிறவனுக்கு எதற்கு இவ்வளவு நல்ல கண்கள்?

அவன் பெயர் முனவ்வர். சூளகிரியில் லேத் ஓட்டுகிறான். தன் தாயை, அவன் அழைப்பில் அம்மியை, ஹஜ்ஜுக்கு அழைத்துப் போகிறான். வகுப்பில் நாற்காலி போடுவதிலிருந்து மைக் பிடிப்பது வரை எல்லாம் அவன்தான்.

வகுப்பு முடிந்ததும் கோடை மழை கொட்டியது. வாசலில் ஒரு குடை நீண்டது.

"அத்தா நனையறாரு... எடுத்துட்டுப் போங்க."

"வேணாங்க. அதுல தையல் இருக்கு."

அத்தாவின் கையைப் பிடித்துக்கொண்டு மழையிலேயே நடந்தாள். பின்னால் ஒருவன் குடையை விரித்தபடி தானும் நனைந்து நின்றதை... திரும்பிப் பார்க்காமலே பார்த்துவிட்டாள்.

மறுநாள் சாப்பாட்டு நேரத்தில், கம்பெனி மரத்தடியில் உட்கார்ந்து தையலை ஒவ்வொன்றாகப் பிரித்தாள். பக்கத்து டேபிள் ஜெயப்ரியா எட்டிப் பார்த்தாள்.

"என்னாடி, பைசா வாங்காம ஆல்டரேஷனா?"

"ஒருத்தன் தப்புன்னு சொல்லிட்டான்."

"எவன்? அவனப் பத்தி நாலு தடவ சொல்லிட்ட, பேர மட்டும் சொல்ல மாட்டேங்கறியே!"

"பேசாம சாப்பிடுடி."

எட்டு ஓரமும் பிரிந்தது. துணி நூல் நூலாய் உதிர்ந்தது. அவள் மனசும்தான்.

அடுத்த ஞாயிறு, ஒரு பெரியவர் எழுந்து, பாடம் நடத்தும் மார்க்க அறிஞர் ஹஜ்ரத்திடமே கேட்டுவிட்டார். "ஓரம் அடிச்ச துணி ஆகாதுங்களா?"

ஹஜ்ரத் சிரித்தார். "தையல் கூடாதுன்னா, உடம்புக்கு அளவெடுத்துத் தச்ச சட்டை, பேன்ட் கூடாதுன்னு அர்த்தம். பிசிறு வராம ஓரம் மடிச்சா ஒரு குத்தமும் இல்ல. முதலாளியும் கூலிக்காரனும் அங்க ஒரே ரெண்டு துண்டுலதான் நிக்கணும். இறந்தவங்களுக்குச் சுத்தற கஃபன் துணி மாதிரி. எவன் பெரியவன்னு அல்லாஹ்வுக்கு முன்னால தெரியக்கூடாது, அதுக்குத்தான் இஹ்ராம்."

தஸ்னீம் முனவ்வரைப் பார்த்தாள். அவன் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான். வகுப்பு முடிந்ததும் ஓடி வந்தான்.

"ஏங்க... ஒரு நிமிஷம்..."

அவள் நிற்கவில்லை. மறுபடியும் எட்டு ஓரம் அடிக்க வேண்டியிருந்தது.

பயணத்துக்கு மூன்று நாள் முன்பு, பாகலூர் ரோட்டிலிருந்த அவள் வீட்டுக் கதவு தட்டப்பட்டது. முனவ்வரும் அவன் அம்மியும். ஹஜ்ஜுக்குக் கிளம்புகிறவர்கள் எல்லோரிடமும் போய் மன்னிப்புக் கேட்பது வழக்கம். மனுஷனுக்குச் செய்த குறையை அந்த மனுஷன்தான் மன்னிக்க வேண்டும்.

"அரே, இவன் ஒரு வாரமா சரியா சாப்பிடல மகளே," என்றார் அம்மி. "மாப் பண்ணிடும்மா."

"அதெல்லாம் பண்ணியாச்சுங்க," என்றார் அத்தா அவசரமாக.

"நீங்க பண்ணிட்டீங்க அத்தா. நான் பண்ணல." தஸ்னீம் கதவோரம் நின்றே சொன்னாள். "மைக்ல சொன்னாங்க இல்ல? மாப்பும் மைக்லதான் கேக்கணும்."

முனவ்வர் பையிலிருந்து தன் இஹ்ராம் துணியை எடுத்தான். நான்கு பக்கமும் பிசிறு.

"இதுக்கும் ஓரம் அடிச்சுத் தர்றீங்களா... கோவம் இல்லேன்னா?"

"குடுங்க. கோவம் தனி, தையல் தனி."

விரல்கள் படவில்லை. ஆனாலும் துணி வழியாக என்னமோ கை மாறியது...

வெள்ளிக்கிழமை. பள்ளிவாசல் முன்னால் விமான நிலையம் போகும் பஸ். அத்தாவை ஏற்றிவிட தஸ்னீம் வந்திருந்தாள். ஹாஜிகளின் பெயரைப் படித்து ஏற்றிக்கொண்டிருந்தவன் முனவ்வர்தான். கடைசிப் பெயரையும் படித்துவிட்டு, மைக்கை வைக்காமல் நின்றான்.

"இன்னும் ஒரு விஷயங்க. வகுப்புல ஒரு பொண்ணு தச்ச இஹ்ராமக் காட்டி எல்லாரும் சிரிக்கற மாதிரி பேசிட்டேன். தெரியாததத் தெரிஞ்ச மாதிரி பேசினது என் தப்பு. தஸ்னீம்... மாப் பண்ணிடுங்க."

தெருவே சிரித்தது. இந்தச் சிரிப்பு மட்டும் ஏனோ சுடவில்லை.

அவன் எதிரில் வந்து நின்றான். அவள் பையை நீட்டினாள்.

"பண்ணிட்டேன். ஓரமும் அடிச்சுட்டேன்."

"அரஃபா மைதானத்துல நிக்கறப்ப அல்லாஹ்கிட்ட ஒரு துஆ கேக்கணும்... நீங்க சரின்னாத்தான்." அவன் பையைக் கை மாற்றிக்கொண்டான். "இஹ்ராம்ல கல்யாணப் பேச்சு பேசலாமா கூடாதான்னு ரெண்டு கருத்து இருக்காம். எதுக்கு வம்பு... இப்பவே கேட்டுடறேன்."

"இந்தத் தடவ ஹஜ்ரத்கிட்ட கேட்டுட்டுத்தான் பேசறீங்களா?"

"புத்தி வந்துடுச்சுங்க!"

பஸ் ஹாரன் அடித்தது. தஸ்னீமின் நெஞ்சு அதைவிடச் சத்தமாக...

"எங்க அத்தாவுக்கு முட்டி வலி. சஃபா, மர்வா குன்றுங்களுக்கு நடுவுல ஏழு தடவ நடக்கணும். கைய விட்டுடாதீங்க."

"சரிங்க. நான் கேட்டதுக்கு...?"

"அதுக்குத்தான் சொல்றேன்." இமை தாழ்ந்தது. "மாமனார் கைய மருமகன்தானே புடிக்கணும்..."

அவன் படியேறும்போது இரண்டு தரம் இடறினான். ஜன்னல் வழியாக அத்தா தலையை நீட்டினார்.

"அந்தத் தம்பிகிட்ட என்னம்மா சொன்ன? இந்த ஆட்டம் ஆடிட்டு வரானே!"

"உங்களப் பத்திரமாப் பாத்துக்கச் சொன்னேன் அத்தா."